எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம்: ஒரு ஸ்பிட்ஃபயர் சொல்லும் பாடம்



நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் காரைப் பற்றி. பெயர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிட்டுத் திறந்தவெளியில் ஓட்டலாம். எடை ஏறத்தாழ 700 கிலோ. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். உலகப்போரில் பறந்த போர் விமானத்தின் பெயரைக் காருக்கு வைத்தார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தில் வீட்டை ஒட்டிய கராஜில், சனி ஞாயிறுகளில், மெக்கானிக் அல்லாத சாதாரண மனிதர்கள் இந்தக் காரைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தெருவில் பார்க்காத காரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஸ்பிட்ஃபயருக்கும் சென்னைக்கும் ரத்த சொந்தம் உண்டு. அதோடு, பழைய எந்திரத்தில் கை வைக்கிற எவருக்கும் வருகிற ஒரு கேள்வியை இந்தக் கார் நன்றாகக் கேட்கிறது. பழைய காரைச் சரிசெய்யும்போது எதை அப்படியே காப்பாற்றுவது, எதை மேம்படுத்துவது? எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் அதன் குறைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம். எல்லாவற்றையும் மாற்றினால் அது வேறு கார் ஆகிவிடுகிறது. கோடு எங்கே?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் செய்யும் ஒவ்வொரு காரிலும் இரண்டு பேருடைய முடிவுகள் இருக்கின்றன. ஒருவர் பொறியாளர், இன்னொருவர் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளையின் முடிவை நாம் தாராளமாகத் திருத்தலாம். பொறியாளரின் முடிவில் கை வைக்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும். எது யாருடைய முடிவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வண்டலூர் உறவு

1950களில் ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு ஒரு நெருக்கடி வந்தது. அவர்களுக்குக் கார்களின் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. மற்றவர்கள் சேஸிஸும் பாடியும் ஒன்றாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களுக்கோ ஒரு முழு பாடியை அழுத்தித் தர ஆள் இல்லை. எனவே தனிச் சேஸிஸ் ஒன்றைச் செய்து, பாடியைத் துண்டு துண்டாக வாங்கி, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு அப்படிப் பிறந்ததுதான். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி.

துண்டுகளாகப் பிரிந்த கார் என்றால் பெட்டியில் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் சுலபம். 1961இல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. இங்கே மூத்தவர்கள் சிலர் அந்தக் காரில் கை வைத்திருப்பீர்கள்.

அதே ஹெரால்டின் எந்திரப் பாகங்களை எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான 91.5 அங்குலத்தை 83 அங்குலமாகக் குறைத்து, மேலே தாழ்வான பாடி ஒன்றை மிக்கெலோட்டி வரைந்தார். அதுதான் ஸ்பிட்ஃபயர். மாதிரி வண்டி தயார், கம்பெனியில் காசு இல்லை. 1961இல் லேலண்ட் நிறுவனம் கம்பெனியை வாங்கியது. அதன் அதிகாரிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது மூலையில் துணி போட்டு மூடியிருந்த அந்த மாதிரியைக் கண்டு உற்பத்திக்கு அனுமதி தந்தார்கள் என்பது அந்தக் காரின் பிறப்புக் கதை. ஆக, ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹெரால்டு பார்த்த கைகளுக்கு ஸ்பிட்ஃபயர் புதிதல்ல.

பெயிண்ட் கடைசியில்

வீட்டில் வேலை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குவார்கள். குரோமியம், சீட் உறை, பெயிண்ட். ஸ்பிட்ஃபயரில் அதெல்லாம் கடைசி. முதல் எதிரி துரு. அந்தத் துரு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஹெரால்டின் சேஸிஸில் நடுத் தண்டிலிருந்து இரு பக்கமும் கைகள் நீண்டு, பாடியின் ஓரங்களைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கவாட்டுக் கைகளை எடுத்துவிட்டார்கள். நடுத் தண்டு மட்டும்தான். அந்தப் பாரம் யார் தலையில் விழுந்தது? கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சில் என்ற பெட்டிச் சட்டத்தின்மேல். மேலே கூரை இல்லாத கார் அது. சில் துருப்பிடித்தால் நடுவில் தொய்ய வேண்டியதுதான். பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் என்ற கம்பியும் சேஸிஸில் பூட்டப்படவில்லை, சீட்டுக்குப் பின்னால் பாடித் தகட்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு உளுத்தால் பின்சக்கரமே காரைத் திசை திருப்பும். ஆகவே இந்தக் காரில் டிங்கரிங் வேலை என்பது அழகு வேலை அல்ல, கட்டுமான வேலை.

வெல்டிங் செய்கிற முறையையும் சொல்ல வேண்டும். சில் ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, நடுவே வலுவூட்டும் தகடு என்று மூன்று அடுக்கு. மூன்றையும் ஒரேயடியாக அறுத்தெடுத்தால் பாடி வளைந்துவிடும். பிறகு கதவு மூடாது, மூடினாலும் இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. அனுபவசாலிகள் பாடியைச் சேஸிஸின் மேலேயே விட்டுவிடுவார்கள். கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு செய்து அந்த வடிவத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் போவார்கள். புதிய சில்லைப் புள்ளி புள்ளியாக ஒட்டவைத்து, கதவைத் தொங்கவிட்டு, இடைவெளியைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் முழு வெல்டிங். கதவைத் தொங்கவிடாமல் சில்லை வெல்டு செய்து, பிறகு பட்டி பூசி இடைவெளியைச் சரிக்கட்டிய கார்கள் ஏராளம். அவற்றை வாங்குகிறவர் பட்டியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

ஒரு சொட்டு எண்ணெய்

அடுத்து, முன்சக்கரத்துக்கு வருவோம். என் மைத்துனர் மகன் கவென்ட்ரிக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவனிடம் 1296 சிசி எஞ்சின் கொண்ட மார்க் 3 ஒன்று உண்டு. அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதன் முன்சக்கரத்தைப் பிரித்தோம். இந்தக் காரின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். சாய்த்துவிட்டால் எஞ்சினும் இரண்டு முன்சக்கரமும் மொத்தமாக வெட்டவெளியில் நிற்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு கார்பரேட்டர் பார்க்கலாம். அந்த வசதியைக் கொடுத்தவர் பொறியாளர். கணக்கப்பிள்ளை கொடுத்திருக்க மாட்டார்.

முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கிற செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை வெண்கலத்துக்குள் சற்றுத் திரும்புகிறது. இதற்குக் கம்பெனி சொன்னது கிரீஸ் அல்ல, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற இ.பி. 90 எண்ணெய். ஆனால் அதற்கான துளையைப் பார்த்தால் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கும். கிரீஸ் கன் கையில் வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? கிரீஸைத்தான் அடிப்பார். கிரீஸ் நாளடைவில் இறுகி, மரையின் அடிவரை போகாமல் நின்றுவிடும். மழைநீர் இறங்கும். வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது, எஃகு மரை துருவேறும். ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

அவன் வண்டியில் தண்டைக் கழற்றித் துடைத்தோம். மேலே மரை பளபளவென்று இருந்தது. கீழே மூன்று சுற்று செம்பழுப்பாக, விரல் நகத்தால் தடவினால் குழி தெரிகிற அளவுக்கு அரித்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சக்கரத்தில் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு பக்கத் தண்டையும் ட்ரனியனையும் புதிதாக வாங்கிப் போட்டான்.

இங்கே நம் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். இந்த ட்ரனியனை எடுத்துவிட்டு நவீன பால் ஜாயிண்ட் போடலாமா? தேவையில்லை என்பேன். அதே தண்டையும் ட்ரனியனையும் லோட்டஸ் கம்பெனி, கையாளுதலுக்குப் பெயர்போன தன் எலான் காரில் பயன்படுத்தியது. அமைப்பில் குறை இல்லை. பராமரிப்பில்தான் குறை. எண்ணெய் ஊற்றினால் போதும் என்கிற இடத்தில் புதுப் பாகம் வாங்குவது மேம்பாடு ஆகாது.

எஞ்சினிலும் இதுபோல ஒரு சோதனை உண்டு. ஒருவர் கிளட்ச் மிதிக்க, மற்றவர் எஞ்சின் முன்னால் இருக்கிற கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிய முன்னே நகர்ந்தால், கிராங்க்ஷாஃப்டை இடம் நகராமல் பிடிக்கிற அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். இப்போதே கவனித்தால், எஞ்சினை இறக்காமல், அடியில் சம்ப்பைக் கழற்றியே மாற்றிவிடலாம். விட்டால் வாஷர் நழுவி சம்ப்பில் விழும். பிறகு கிராங்க்ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கையே தின்னும். சில ரூபாய்ப் பொருளுக்கு ஒரு எஞ்சின் விலை.

கவென்ட்ரி ஒரு பதில், சென்னை ஒரு பதில்

இப்போது இந்தக் காரின் பெயரைக் கெடுத்த பாகத்துக்கு வருகிறேன். பின் அச்சு.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் டிஃபரென்ஷியல் பெட்டி சேஸிஸோடு பூட்டியிருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அரை அச்சு. அந்த அச்சு உள்முனையில் மட்டும் மடங்கும், வெளிமுனையில் சக்கரம் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். குறுக்கே, டிஃபரென்ஷியலின் தலையில் இறுக்கிய பட்டை ஸ்பிரிங் ஒன்று. செலவு குறைவு, பாகங்களும் குறைவு. ஆனால் ஒரு சிக்கல். சக்கரம் கீழே இறங்கும்போது அது செங்குத்தாக இறங்காது, சாய்ந்தபடி இறங்கும். வளைவில் வேகமாகப் போகிறீர்கள். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறீர்கள். பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் எழுகிறது, இரண்டு பின்சக்கரங்களும் அடிப்பக்கம் உள்ளே மடங்குகின்றன. டயர் ரோட்டைப் பிடிக்கிற பரப்பு சுருங்கிவிடுகிறது. வால் வழுக்கிக்கொண்டு சுழலும். அமெரிக்காவில் ஷெவ்ரலே கார்வேர் காரைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகம் புயல் கிளப்பியதே, அங்கேயும் பிரச்சினையின் வேர் இதே வகை அச்சுதான்.

கவென்ட்ரி 1970இல் மார்க் 4 மாடலில் ஒரு பதில் கண்டுபிடித்தது. பட்டை ஸ்பிரிங்கின் இலைகளில் ஒன்றை மட்டும் டிஃபரென்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் சாய்ந்தாடும்படி விட்டார்கள். இதற்கு ஸ்விங் ஸ்பிரிங் என்று பெயர். பாடி சாயும்போது ஸ்பிரிங் அதை எதிர்த்துப் பின்பக்கத்தைத் தூக்குவது இதனால் குறைந்தது. பின்னால் குறைந்த விறைப்பை ஈடுகட்ட முன்னால் தடிமனான ஆன்ட்டி-ரோல் பாரைப் போட்டார்கள். அவ்வளவுதான். குறைந்த செலவில் பெரிய திருத்தம்.

சென்னை வேறு பதில் சொன்னது. இந்த வகை அச்சு இங்கே வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972இல் ஹெரால்டின் இடத்தில் ஸ்டாண்டர்ட் கசல் வந்தபோது, அந்த மடங்கும் அச்சையே தூக்கிவிட்டு, ஒரே துண்டான அச்சைப் போட்டார்கள். பழுது பார்க்கத் தெரிந்த அமைப்பு, குண்டுகுழிக்குத் தாங்கும் அமைப்பு. குடும்பத்தைச் சுமக்கிற காருக்கு அது சரியான முடிவு.

ஒரே குறைக்கு இரண்டு ஊர் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டு கார்களின் வேலை வேறு. பழைய ஸ்பிட்ஃபயரை வீட்டில் புதுப்பிக்கிறவருக்கு நான் கவென்ட்ரியின் பதிலைத்தான் சொல்வேன். மார்க் 4இன் ஸ்விங் ஸ்பிரிங்கைப் பழைய காரில் பூட்டலாம். ஆனால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, முன்பக்கத்துத் தடித்த பாரைப் போடாமல் விட்டால், வளைவில் கார் கூடுதலாகச் சாயும். தொழிற்சாலை இரண்டையும் சேர்த்துச் செய்தது. நாமும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

மேம்பாட்டுப் பட்டியல்

இந்த அளவுகோலை வைத்து மற்ற மாற்றங்களை வேகமாகப் பார்ப்போம்.

டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போடுவது? செய்யலாம், கம்பெனியே பிறகு அதற்கு மாறியது. பாயிண்ட், கண்டன்சருக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன்? 0.015 அங்குல இடைவெளியை அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கும் வேலை மிச்சம். மூடி போட்டால் வெளியே தெரியாது, வேண்டாமென்றால் அரை மணியில் பழையபடி ஆக்கலாம். மூன்றாம், நான்காம் கியரில் வேலை செய்கிற ஓவர்டிரைவ்? 1963இலிருந்தே கம்பெனி கூடுதல் காசுக்குக் கொடுத்துவந்தது. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுவது குறையும். கிடைத்தால் விடாதீர்கள். பழைய ஒற்றைச் சர்க்யூட் பிரேக்கை இரட்டைச் சர்க்யூட் ஆக்குவதும், நல்ல சீட் பெல்ட் போடுவதும் உயிர் சம்பந்தப்பட்டவை. அங்கே அசல், நகல் என்ற பேச்சே வேண்டாம்.

பெட்ரோல் குழாய்களை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமாகிவிட்டது. நம் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம். அந்தக் காலத்து ரப்பர் குழாய் எத்தனாலில் ஊறி வெடிக்கும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டை இறக்கியிருக்கிறீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல்தான் முன்பு அந்த இடத்தைக் காத்தது, இப்போது அது இல்லை.

அகலமான சக்கரம்? வேண்டாம். ஒல்லியான டயர் அந்தக் காரின் லேசான ஸ்டியரிங்கோடு சேர்ந்தது. அகல டயரின் இழுவை ஹப் பேரிங்கையும் அரை அச்சையும் வதைக்கும்.

பெரிய எஞ்சின்? இங்கேதான் என் அளவுகோலுக்கே சோதனை. கம்பெனி தானே 1966இல் இந்தக் குடும்பத்தில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் போட்டு ஜி.டி.6 என்று விற்றதே, பிறகு நாம் போட்டால் என்ன என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. கியர் பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி மாறின. அப்படியும் பின் அச்சு தாங்கவில்லை என்று 1968இல் அதையும் மாற்றினார்கள். சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்றினால் அடுத்த கண்ணி அறுகிறது. தொழிற்சாலை பிறகு செய்ததெல்லாம் முன்னேற்றம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஸ்பிட்ஃபயரின் 1296 சிசி எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 76 மில்லிமீட்டரிலிருந்து 87.5 ஆக நீட்டி 1493 சிசி ஆக்கினார்கள். அமெரிக்கப் புகைக் கட்டுப்பாடு சக்தியைத் தின்றதை ஈடுகட்ட வந்த ஏற்பாடு அது. இழுவை கூடியது, ஆனால் பழைய எஞ்சின் உற்சாகமாகச் சுற்றியதுபோல் இது சுற்றவில்லை. எனவே தொழிற்சாலை பிறகு மாற்றியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எதற்காக மாற்றியது என்றும் பாருங்கள்.

சட்டம் போடும் கோடு

இந்தக் கோட்டைச் சட்டமும் போடுகிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கடந்த 30 ஆண்டுக்குள் காரின் அடிப்படையைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தச் சலுகை இல்லை. சோதனை இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்றும் ஆகாது. ரோட்டில் ஓடத் தகுதியாக வைத்திருப்பது சொந்தக்காரர் கடமை. நம் நாட்டில் 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிந்து வி.ஏ. எழுத்துள்ள எண் வாங்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. வீட்டில் ஹெரால்டோ கசலோ நிறுத்தி வைத்திருக்கிறவர்கள் புதிய எஞ்சின் தேடுமுன் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு

ஒரு பழைய காரை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து, புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால், ஸ்பேனரை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாகம் இப்படி இருப்பது காசு போதாமலா, யோசித்துச் செய்ததாலா? இதன் கோளாறு அமைப்பிலா, பராமரிப்பிலா? இதை மாற்றினால் இதோடு சேர்த்து இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த மெக்கானிக் பழைய காரைக் கெடுக்க மாட்டார்.

ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். என்ன மாற்றினீர்களோ அதை எழுதி வையுங்கள். எந்த மாடலின் ஸ்பிரிங், எந்த வண்டியின் ஆல்டர்னேட்டர், எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தை ஒரு பெட்டியில் போட்டு, காரோடு கொடுத்துவிடுங்கள். இந்தக் கார்கள் நம்மைவிட நீண்ட நாள் ஓடப்போகின்றன. அடுத்து கை வைக்கிறவர் உங்கள் வேலையைத் திருத்த நினைத்தால், அதற்கும் அவருக்கு வழி இருக்க வேண்டும்.

 ஹெரால்டு ஓட்டியவர்கள் முதலில் கேள்வி கேட்கலாம்.